எறியாத பந்துக்குக் கணக்கு இல்லை

கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள்தான். யார் ஜெயித்தார்கள்? யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள்? முதல் கேள்வியில் எனக்குப் புகார் இல்லை. இரண்டாவது கேள்விதான் இந்த விளையாட்டைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. "இருபது புள்ளி எடுத்தான்" என்றால் கை தட்டுகிறோம். எத்தனை முறை எறிந்து அந்த இருபதை எடுத்தான் என்று கேட்பவர் நூற்றில் ஒருவர். எறிய வாய்ப்பிருந்தும் எறியாமல், தன்னைவிட நல்ல இடத்தில் நின்றவனுக்கு எத்தனை பந்தைக் கொடுத்தான் என்று கேட்பவரை இந்த எழுபத்து மூன்று வயது வரை நான் சந்திக்கவில்லை.

வங்கி நாட்களையும் பழைய ஊர்க் கதைகளையும் எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று கூடைப்பந்தைக் கையில் எடுத்துவிட்டானே என்று நீங்கள் நினைக்கலாம். 1970-களில் கல்லூரி அணியில் ஆடியவன் நான். ஆட்டம் போய்விட்டது, ஆசை போகவில்லை. மகள் குடும்பம் அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் இருக்கிறது. அங்கே போய்த் தங்கிய குளிர்காலங்களில் வெளியே கால் வைக்க முடியாது. மருமகனோடு உட்கார்ந்து கல்லூரி ஆட்டங்களாகப் பார்த்துத் தள்ளினேன். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே வில்லனோவா என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1842-ல் கத்தோலிக்க அகஸ்தினார் சபையினர் தொடங்கியது. அதன் ஆண்கள் அணி 1985, 2016, 2018 என்று மூன்று முறை தேசிய சாம்பியன் ஆனது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் சொல்ல வருவது உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் 1985. அந்த வருடம்தான் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் முதன்முறையாக 64 அணிகள் சேர்க்கப்பட்டன. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய நாக் அவுட் போட்டி. 64 அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள். வில்லனோவாவுக்குக் கிடைத்தது 8. எட்டாம் இடத்தில் வைக்கப்பட்ட ஓர் அணி சாம்பியன் ஆனது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பயிற்சியாளர் பெயர் ரோலி மாசிமினோ. அவருடைய பையன்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்த வழியைப் பாருங்கள். டேட்டனை 51-49, மிச்சிகனை 59-55, மேரிலாண்டை 46-43, வட கரோலினாவை 56-44, மெம்பிஸ் ஸ்டேட்டை 52-45. ஐந்து ஆட்டத்திலும் ஒருமுறைகூட 60 புள்ளியைத் தொடவில்லை. இப்போதைய ரசிகர் இந்த எண்களைப் பார்த்தால் பாதி ஆட்டத்தின் ஸ்கோர் என்று நினைப்பார்.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 1-ம் தேதி, கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில். எதிரே ஜார்ஜ்டவுன். முந்தின வருடத்துச் சாம்பியன். ஏழடி உயரப் பேட்ரிக் யூயிங் அந்த அணியின் நடுத்தூண். அதே பருவத்தில் வில்லனோவாவை இரண்டு முறை தோற்கடித்த அணி. மூன்றாவது முறையும் அதுவே நடக்கும் என்றுதான் பேச்சு.

நடந்தது வேறு. வில்லனோவா 66, ஜார்ஜ்டவுன் 64.

இந்த ஆட்டத்தின் பதிவை மருமகன் எனக்குப் போட்டுக் காட்டினார். முடிந்ததும் அவர் எழுதிக் காட்டிய கணக்கைப் பார்த்து, வங்கியில் முப்பத்தைந்து வருடம் பேரேடு பார்த்தவன் நான், இரண்டு முறை சரிபார்த்தேன். ஜார்ஜ்டவுன் கூடையை நோக்கி எறிந்தது 53 முறை. விழுந்தது 29. வில்லனோவா எறிந்தது வெறும் 28 முறை. விழுந்தது 22. அதாவது 78.6 விழுக்காடு. இரண்டாம் பாதியில் பத்து முறை எறிந்து ஒன்பதைப் போட்டார்கள். இருபத்தைந்து ஷாட் குறைவாக எறிந்த அணி இரண்டு புள்ளியில் ஜெயித்தது.

எப்படி? மீதி வரவு ஃப்ரீ த்ரோவில் இருக்கிறது. வில்லனோவா 27 ஃப்ரீ த்ரோ எறிந்து 22 போட்டது. ஜார்ஜ்டவுனுக்குக் கிடைத்தது 8, போட்டது 6. கடைசி நிமிடங்களில் பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்ததும் இதில் சேர்த்தி. ஆனாலும் கூடைக்கு அருகே போய் நிற்பவனைத்தான் ஃபவுல் செய்வார்கள். தூரத்தில் நின்று அவசரமாக எறிகிறவனை யாரும் தொடமாட்டார்கள். ஆக, எங்கே நின்று எறிவது என்ற தேர்வு ஃப்ரீ த்ரோ கணக்கிலும் வந்து விழுகிறது.

அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு கட்டம். முடிய இன்னும் மூன்று நிமிடம்கூட இல்லை. ஜார்ஜ்டவுன் 54, வில்லனோவா 53. ஜார்ஜ்டவுன் பந்தைப் பறிகொடுக்கிறது. நம்மூர் என்றால் "எறி, எறி" என்று மைதானமே கத்தும். வில்லனோவா பையன்கள் அவசரப்படவில்லை. பந்து கை மாறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் வலப்பக்கம் காலியாக நின்ற ஹெரால்ட் ஜென்சனிடம் வருகிறது. இவர் ஆட்டத்தைத் தொடங்கிய ஐவரில் ஒருவர்கூட இல்லை, மாற்று ஆட்டக்காரர். எறிந்தார், விழுந்தது, 55-54. அன்றைக்கு அவர் எறிந்தது ஐந்து, விழுந்ததும் ஐந்து.

அந்தக் கட்டத்தில் ஜென்சனுக்கு முன்னால் பந்தைத் தொட்ட மற்றவர்களும் எறிந்திருக்கலாம். டுவேன் மெக்லைனும் எட் பிங்க்னியும் அவரைவிடப் பெயர் பெற்றவர்கள். எறியவில்லை. ஸ்கோர் ஷீட்டில் ஜென்சன் பெயருக்கு நேரே 2 என்று ஏறியது. மற்றவர்கள் எறியாமல் விட்டது எங்கேயும் ஏறவில்லை. எறியாத பந்துக்குக் கணக்கு கிடையாது. ஆனால் அந்த இரண்டு புள்ளியின் முதல் போட்டது அதுதான்.

இங்கே உங்களில் சிலர் குறுக்கிடுவீர்கள். "ஐயா, அதெல்லாம் அன்றைய அதிர்ஷ்டம். மறுநாள் ஆடச் சொன்னால் 78 விழுக்காடு வருமா?" நியாயமான கேள்வி. வராது. ஓர் ஷாட் விழுவதும் விழாததும் பூவா தலையா போல சரிபாதி என்று வைத்துக்கொண்டால், 28 முறை சுண்டி 22 அல்லது அதற்கு மேல் தலை விழுவதற்கான வாய்ப்பு, சுமார் 538-ல் ஒன்று. ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்து நானே போட்ட கணக்கு இது. சரிபாதிக்குக் கொஞ்சம் கூட வைத்து, 55 விழுக்காடு விழும் என்று எடுத்துக்கொண்டாலும், நூறு முறையில் ஒரு முறை நடந்தால் பெரிது. நல்ல ஷாட்டைத் தேர்ந்தெடுப்பது 45-ஐ 55 ஆக்கும். 55-ஐ 78 ஆக்கியது அன்றைய தெய்வம்.

ஆனால் தெய்வம் வந்து உட்கார நாற்காலி போட்டது யார்? பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழுவது சாதாரணம். ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு தலை விழாது. பலம் குறைந்த அணி ஆட்டத்தை எவ்வளவு சுருக்குகிறதோ, அவ்வளவுக்கு அதிர்ஷ்டம் நுழைய வழி இருக்கிறது. பலமான அணி நூறு முறை எறிந்தால் பலம் தெரிந்துவிடும். மாசிமினோ ஆட்டத்தை நிதானமாக ஓட்டியது வெறும் பொறுமை இல்லை. எளியவன் வலியவனோடு மோதும்போது செய்ய வேண்டிய கணக்கு அது.

அடுத்த ஆட்சேபணை இதைவிடக் கனமானது. அன்றைக்குத் தேசியப் போட்டியில் ஷாட் கிளாக் கிடையாது. பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரத்தைப் பலர் கேலிக்கூத்தாக்கியதும் உண்டு. 1979-ல் வட கரோலினாவும் டியூக்கும் ஆடிய ஓர் ஆட்டத்தில், வட கரோலினா பந்தைப் பிடித்துக்கொண்டே காலம் கடத்த, இடைவேளையில் ஸ்கோர் 7-0. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் என்ன செய்வான்? அடுத்தடுத்து இப்படி நடந்ததால், 1985-86 பருவத்தில் 45 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. 1993-94-ல் அது 35 வினாடி ஆனது. 2015-16-ல் 30 வினாடி. அதற்கு நடுவே 1986-87-ல், கூடையிலிருந்து 19 அடி 9 அங்குலத்தில் கோடு போட்டு, அதற்கு வெளியே இருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்றார்கள். வில்லனோவாவின் அந்த வெற்றி பழைய விதியின் கடைசி நாளில் கிடைத்தது, விதி மாறியதும் அந்த வித்தை செத்தது என்று பலர் எழுதினார்கள், இன்னும் பேசுகிறார்கள்.

எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு அவர் பி.டி. மாஸ்டர். இந்தப் பேச்சு வந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "இப்ப எவன் சார் கூடைக்குக் கிட்ட போறான்? கோட்டுக்கு வெளியே நின்னு குருட்டாம்போக்குல விட்டெறியறான். விழுந்தா ஹீரோ, விழலைன்னா அடுத்ததை எறியறான். இதுக்குப் பேரு செலக்‌ஷனா?" என்பார்.

மாஸ்டரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை. கோட்டுக்கு உள்ளே நின்று இரண்டு முறை எறிந்தால் ஒன்று விழும் என்று வையுங்கள். ஆறு ஷாட்டில் மூன்று விழும், ஆறு புள்ளி. வெளியே நின்று மூன்றுக்கு ஒன்றுதான் விழுகிறது என்று வையுங்கள். ஆறு ஷாட்டில் இரண்டு விழும், அதுவும் ஆறு புள்ளிதான். மூன்றில் ஒன்று போடுகிறவனும் இரண்டில் ஒன்று போடுகிறவனும் வரவில் சமம். இதற்காகத்தான் இப்போது விழுக்காடு போடும்போது மூன்று புள்ளிக் கூடையை ஒன்றரைக் கூடையாக எண்ணுகிறார்கள். புதிய வித்தை ஒன்றும் இல்லை. ரூபாயையும் அணாவையும் ஒரே தட்டில் எண்ணக் கூடாது என்ற பழைய புத்திதான். இந்தக் கணக்குப்படி மோசமான ஷாட் எது என்றால், கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று, கை நீட்டி மறிப்பவன் முகத்துக்கு நேரே எறிவது. தூரத்தின் கஷ்டம் முழுக்க உண்டு, கூலி மட்டும் இரண்டு. எங்கள் காலத்தில் அந்த ஷாட்டுக்குத்தான் கைத்தட்டல் அதிகம்!

சரி, விதி மாறி வித்தை செத்ததா? 2016-க்கு வாருங்கள். 30 வினாடி விதி வந்த முதல் பருவம். பயிற்சியாளர் ஜே ரைட். இவர் 1987 முதல் ஐந்து வருடம் வில்லனோவாவில் மாசிமினோவிடமே உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். அரையிறுதியில் ஒக்லஹோமாவுக்கு எதிராக வில்லனோவா எறிந்தது 49, விழுந்தது 35. 71.4 விழுக்காடு. ஸ்கோர் 95-51. பந்தை நிமிடக்கணக்கில் வைத்துக்கொள்ள முடியாத காலத்தில் இது நடந்தது. ஆகவே பொறுமை என்பது கடிகாரத்தில் இல்லை. 30 வினாடிக்குள் நான்கு பாஸ் கொடுக்கலாம். நிமிடக்கணக்கில் வைத்திருந்தும் ஒரு நல்ல பாஸ் கொடுக்காமல் இருக்கலாம்.

இறுதி ஆட்டம் வட கரோலினாவோடு. 74-74 சமம். மிச்சம் 4.7 வினாடி. பந்து ரயன் ஆர்ச்சிடியாக்கனோ கையில். நான்காம் ஆண்டு மாணவர், அணியின் தலைமைப் பையன். ஒவ்வொரு சிறுவனும் வீட்டு வாசலில் கனவு காண்கிற கட்டம் அது. கடைசி வினாடி, கடைசி ஷாட், தேசிய சாம்பியன் பட்டம். அவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். தடுப்பவர்கள் அவரை நோக்கி வந்தார்கள். பின்னால் ஓடி வந்த கிரிஸ் ஜென்கின்ஸ் காலியாக இருந்தார். ஆர்ச்சிடியாக்கனோ பந்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். ஜென்கின்ஸ் கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. விழுந்தது. 77-74.

உலகம் முழுக்க அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். நான் அந்த பாஸைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பையன், தன் கைக்கு வந்த புகழை அரை வினாடியில் எடைபோட்டு, "இவன் ஷாட் என்னுடையதைவிட நல்ல ஷாட்" என்று முடிவு செய்து கொடுத்துவிட்டான். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவருக்கே கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

1985 அணிக்கு நேர் எதிர் என்று மாஸ்டர் சொல்லக்கூடியது 2018 அணி. அந்தப் பருவத்தில் மொத்தம் 464 மூன்று புள்ளிக் கூடைகள், கல்லூரி ஆட்டத்தில் அன்றைக்கு அது சாதனை. அரையிறுதியில் கன்சாஸுக்கு எதிராக வெளியே இருந்து மட்டும் 40 எறிந்தார்கள், 18 விழுந்தது. 22 தவறின. தவறியதைப் பார்த்தால் மாஸ்டருக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் 18 மூன்று புள்ளிக் கூடை என்றால் 54 புள்ளி. கோட்டுக்கு உள்ளே இருந்து 40 ஷாட்டில் அந்த 54-ஐ எடுக்க 27 விழ வேண்டும், மூன்றில் இரண்டுக்கும் மேலே. 95-79 என்று ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் மிச்சிகனை 79-62 என்று முடித்தார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் 31 புள்ளி எடுத்த டாண்டே டிவின்சென்சோவும், நம் ஜென்சன் போலவே, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்தான்.

ஆக, ஒரு கல்லூரி. 28 ஷாட்டில் ஒரு சாம்பியன் பட்டம், ஒரே ஆட்டத்தில் 40 மூன்று புள்ளி ஷாட் எறிந்த இன்னொரு சாம்பியன் பட்டம். ஒன்று கூடைக்கு அருகே, ஒன்று வெகு தூரத்தில். நிதானமும் வேகமும், அருகும் தூரமும் இங்கே பிரச்சினையே இல்லை என்பது இதில் தெளிவு. இரண்டு அணியிலும் பொதுவாக இருந்தது, எது நல்ல ஷாட் என்பதில் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து. அந்தக் கருத்துக்குப் பொருந்தாத ஷாட்டை, கைக்கு வந்தாலும் விட்டுவிடும் மனசு.

இந்த இடத்தில் என்னை மடக்க ஒரு சிறு கல்லூரி இருக்கிறது. அயோவா மாநிலத்தில் கிரின்னெல். அங்கே டேவிட் ஆர்சனோ என்ற பயிற்சியாளர் வேறு ஒரு சூத்திரம் வகுத்தார். ஓர் ஆட்டத்தில் 94 ஷாட் எறிய வேண்டும், அதில் பாதி மூன்று புள்ளிக்கு. எதிரணியைவிட 25 ஷாட் அதிகம் எறிந்திருக்க வேண்டும். அதற்காக ஆட்டம் முழுக்க எதிரியை விரட்டிப் பந்தைப் பறிப்பது, களைக்கும் முன் ஐந்து பேரையும் மாற்றிவிடுவது. 2012 நவம்பர் 20-ம் தேதி அந்த அணியின் ஜாக் டெய்லர் ஒரே ஆளாக 138 புள்ளி எடுத்தார். உலகமெங்கும் செய்தி. 36 நிமிடம் ஆடி 108 ஷாட் எறிந்திருக்கிறார், நிமிடத்துக்கு மூன்று! 52 விழுந்தது, 56 தவறியது. வில்லனோவா அணி முழுக்கச் சேர்ந்து ஓர் இறுதி ஆட்டத்தில் எறிந்ததைப் போல நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு, ஒற்றை ஆள்.

ஆட்டத்தின் முடிவு 179-104. தோற்ற அணியின் மாணவர் ஒருவர் அன்றைக்கு 44 ஷாட் எறிந்து 34 போட்டார், 70 புள்ளி. விழுக்காட்டில் டெய்லரை எங்கேயோ விட்டுவிட்டார். ஆனாலும் அவர் அணி 75 புள்ளியில் தோற்றது. எனவே விழுக்காட்டை மட்டும் தூக்கிப் பிடிப்பதும் தவறு. பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தால், விழுந்த ஷாட் எத்தனை அழகாக விழுந்தும் பயனில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. எதிரியைவிட 25 ஷாட் அதிகம் என்பது கிரின்னெல் சூத்திரம். 1985-ல் ஜார்ஜ்டவுன் வில்லனோவாவைவிட எறிந்ததும் சரியாக 25 அதிகம்தான். தோற்றுப்போனார்கள்.

கிரின்னெல் வழியை நான் குறை சொல்லவில்லை. அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட சூத்திரம் அது, விளையாட்டு உதவித்தொகை இல்லாத கல்லூரி, பையன்கள் சந்தோஷமாக ஓடுகிறார்கள். நான் குறை சொல்வது 138 என்ற எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, 108-ஐப் பொடி எழுத்தில் போடுகிற நம் பழக்கத்தை.

இந்தப் பழக்கத்தின் விலை என்ன என்று எனக்குக் கிட்டத்திலிருந்தே தெரியும். எங்கள் கல்லூரி அணியில் ஒரு நட்சத்திரம் இருந்தார். பெயர் வேண்டாம். பந்து அவர் கைக்குப் போனால் திரும்பி வராது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'தபால் பெட்டி'. போட்டால் போட்டதுதான். தோற்ற ஆட்டத்திலும் அவர் இருபதுக்குக் குறைய மாட்டார். அதே அணியில் இன்னொருவர், உயரம் குறைவு, பார்வை கூர்மை. எறிவது ஆட்டத்துக்கு நான்கோ ஐந்தோ. அவர் களத்தில் இருந்தால் நாங்கள் எல்லாரும் காலியாக நின்று எறிவோம். அவர் காய்ச்சலில் படுத்த வாரம் எங்கள் நட்சத்திரத்துக்கும் பந்து விழவில்லை. ஸ்கோர் ஷீட்டில் இதை எழுத ஒரு கட்டம் இல்லை.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் ஸ்கோர் ஷீட்டைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். தபால் பெட்டி தேர்வானார். குட்டையர் பெயர் பரிசீலனைக்கே போகவில்லை. அன்றைக்குப் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்கும் காலம். இரண்டு தங்கைகளை வைத்துக்கொண்டிருந்த அவருக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது. மறு வருடம் அவரும் கண்ட கண்ட இடத்திலிருந்து எறிய ஆரம்பித்தார். பாதிகூட விழவில்லை. ஆனால் புள்ளி ஏறியது. அணி சரிந்தது. யார் மேல் குற்றம் சொல்ல? நாம் எதை எண்ணுகிறோமோ அதைத்தானே பையன்கள் செய்வார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் இப்போது பெரிதாகியிருக்கிறது. 2021 ஜூலை முதல் அங்கே கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரங்களில் பணம் சம்பாதிக்கலாம். நல்ல மாற்றம்தான். அவர்கள் வியர்வையில் மற்றவர்கள் கோடிகள் பார்த்த காலம் போதும். ஆனால் விளம்பரக்காரனுக்குத் தெரிவது புள்ளி எடுத்தவனின் முகம். பந்தைக் கொடுத்தவனின் முகம் தெரிய வேண்டுமானால் பயிற்சியாளரும் ரசிகரும் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால், கடைசி 4.7 வினாடியில் பந்தைப் பின்னுக்குத் தள்ளுகிற இன்னொரு ஆர்ச்சிடியாக்கனோவை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எறியாமல் விடுவதெல்லாம் புண்ணியம் இல்லை. காலியாக நிற்கிறவன், தவறிவிடுமோ என்ற பயத்தில் எறியாமல் அடுத்தவன் தலையில் கட்டினால், அதுவும் மோசமான தேர்வுதான். கடிகாரம் ஓடும், கடைசியில் ஒருவன் தலைகீழாக நின்று எறிய வேண்டி வரும். ஜென்சன் அன்றைக்கு எறியத் தயங்கியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இப்போது கைக்கு வந்திருக்கும் ஷாட், இன்னும் பத்து வினாடியில் வரக்கூடிய ஷாட்டைவிட நல்லதா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் எறி. இல்லை என்றால் கொடு. இவ்வளவுதான் சாத்திரம். இதை அரை வினாடியில், மூச்சு வாங்க, ஐயாயிரம் பேர் கத்தும்போது முடிவு செய்வதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத்தான் நாம் மதிக்கத் தவறுகிறோம்.

மாஸ்டரிடம் ஒரு யோசனை சொன்னேன். நம் கல்லூரிகளில் மண்டலப் போட்டி நடக்கும்போது ஸ்கோரர் பக்கத்தில் இன்னொரு மாணவரை உட்கார வையுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொருவருக்கும் மூன்று பத்தி. எறிந்தது எத்தனை, அதில் விழுந்தது எத்தனை, எறிய வாய்ப்பிருந்தும் தன்னைவிட நல்ல இடத்தில் நின்றவனுக்குக் கொடுத்தது எத்தனை. மூன்றாவதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும், சண்டைகூட வரும். வரட்டும். சண்டை வந்தால் எது நல்ல ஷாட் என்று பையன்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பரிசளிப்பு விழாவில் அதிகப் புள்ளிக்குக் கொடுக்கும் கோப்பைக்குப் பக்கத்தில், அந்த மூன்றாவது பத்திக்கும் ஒரு சின்னக் கோப்பை வையுங்கள்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "கோப்பை நான் வாங்கித் தரேன் சார். அந்த மூணாவது பத்தியை எழுதக் கண்ணு உள்ள ஒரு பையனைப் பிடிச்சுக் கொடுங்க" என்றார்.

உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு பையன் இருந்தால் சொல்லுங்கள். ஸ்கோர் ஷீட்டில் அவன் பெயர் கடைசி வரியில் இருக்கும். தேடிப் பாருங்கள்.